மூன்றாவது அடுக்கும் நாலு மணியும்

நன்றி சொல்வதில் நான் மகா மோசம். யாராவது உதவி செய்தால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வரும். ‘இவர் ஏன் செய்தார், நான் கேட்டேனா?’ என்று மனசு முறைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போதோ துணி மடிக்கும்போதோதான், ‘அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று உறைக்கும். அதற்குள் அந்த ஆள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். ஆகவே, ஒருவருக்குச் சேர வேண்டிய நன்றியை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயம் கொஞ்சம் குறுக்கே வரும். பயப்பட வேண்டாம். சாம்பார் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியாத எதுவும் அதில் இல்லை.

மகள் பிறந்த பிறகு ஐந்து வருஷம் நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியில், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளே நெட்வொர்க்கைக் கவனிக்கிற பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் செய்தி போகிறதே, அதைப் பொட்டலம் கட்டி அனுப்புவதும், வந்ததைப் பிரித்துக் கொடுப்பதும் அந்தப் பகுதியின் வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்பவும் வேலை தேடினேன். எங்கே போனாலும் என் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, எழுதாத ஐந்து வருஷத்தையே பார்த்தார்கள். “இந்த கேப்ல என்ன பண்ணீங்க மேடம்?” என்று ஒருவன் கேட்டான். என்னைவிட ரொம்பச் சின்னவன்.

“குழந்தை வளர்த்தேன்.”

“அதைத் தவிர?”

“அதைத் தவிர, தூங்கப் பார்த்தேன். முடியலை,” என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிடைக்காததற்கு என் வாய் மட்டும் காரணமில்லை. எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நாங்கள் இருப்பது திருப்போரூரில், வயலை மனையாக்கி எழுப்பிய புது அடுக்குமாடியில். பள்ளிக்கூட வேன் மகளை நாலரை வாக்கில் கேட்டில் இறக்கிவிடும். கணவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். ஸ்டாஃப் பஸ் அவரை இருட்டுகிற நேரத்துக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் பகலில் பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டம்மாவிடம் சில தடவை, “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று கேட்டேன். கடைசித் தடவை அவர் சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் இருந்தது. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். எனவே வேலை எதுவாக இருந்தாலும் நாலு மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும். இதைக் கேட்டதும், அதுவரை சிரித்துப் பேசியவர்கள்கூட, “நாங்க திரும்பக் கூப்பிடறோம்” என்று எழுந்துவிடுவார்கள்.

எழாதவர் ஒருவர்தான். கேளம்பாக்கத்தில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் அவர் ஆபீஸ். சொந்த ஊர் கோவளம்; தலைமுறையாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். கீழே டீக்கடையில் அவரை ‘பாய்’ என்பார்கள், மாடியில் நாங்கள் ‘சார்’ என்போம். ஐம்பதை நெருங்குகிற வயது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவர் என் கேப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, “ஒரு பாக்கெட் வந்து சேருது. உள்ள என்னென்ன நடக்கும், வரைங்க,” என்றார். வரைந்தேன். எதுவும் மறந்திருக்கவில்லை. பார்த்துவிட்டு, “தினம் எப்ப கெளம்பணும்?” என்றார்.

“நாலு மணிக்கு சார். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியாது.” சண்டைக்குப் போகிற மாதிரிதான் சொன்னேன்.

“அப்ப மூணாவது லேயர் உங்களுக்கு. இந்த பெட்டியோட சோதனை முடியற வரைக்கும் வேலை. அதுக்கப்புறம் எப்படின்னு பார்க்கலாம்.”

பெட்டி என்றால் மீன்பிடிப் படகில் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி. கரையில் ஒரு கம்பத்தில் ஏரியலும், அதன் கீழே இன்னொரு பெட்டியும் இருக்கும். கடலில் கொஞ்ச தூரம் போனதும் மொபைல் சிக்னல் கையை விரித்துவிடும் இல்லையா, அங்கிருந்தும் இந்தப் பெட்டி, படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என்ஜின் நின்றாலோ யாருக்காவது அடிபட்டாலோ ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும், கரையில் மணி அடிக்கும். இதற்கான சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆபீஸிலேயே முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

லேயர் என்றால் அடுக்கு. நெட்வொர்க் வேலையை அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சொல்வது உலக வழக்கம். மேல் அடுக்கு ஒரு கடிதம் எழுதுகிறது. அதற்கு அடுத்தது அதை ஓர் உறையில் போட்டு, ‘போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வர வேண்டும்’ என்று குறிக்கிறது. அதற்குக் கீழே உள்ளது இன்னோர் உறையில் போட்டு விலாசம் எழுதுகிறது. கடைசியில் ரேடியோ அதைக் காற்றில் விடுகிறது. மறுமுனையில் ஒவ்வொரு உறையாகப் பிரித்து மேலே கொடுப்பார்கள். கல்லூரியில் இதைப் படம் போட்டு நடத்துவார்கள். படம் ரொம்ப அழகாக இருக்கும். பிறகு வேலைக்குப் போனால் யாரும் அந்தப் படத்தை அப்படியே கட்டுவதில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். எங்கள் சார் மட்டும் படத்தை அப்படியே கட்டிவிட்டார்.

ஒவ்வோர் அடுக்கும் தனித்தனி நிரல், அதாவது புரோகிராம். ஓர் அடுக்கு தனக்கு நேர் கீழே உள்ளதிடம், ‘இதை வாங்கிக்கொள்’ என்று மட்டும் சொல்லலாம். ‘கொடுத்தேனே, என்ன ஆச்சு?’ என்று கேட்கக் கூடாது. அடுத்தவர் உறையைப் பிரிக்கக் கூடாது. அடுத்தவர் மெமரியில் கை வைக்கக் கூடாது. அதனால் பொட்டலம் ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் அதை முழுசாக ஒரு நகல் எடுப்போம். மேஜைகளும் அதே வரிசை. ஜன்னலோரம் ரேடியோ சம்பந்தப்பட்ட கீழ் இரண்டு அடுக்குகளை எழுதிய பெண். செங்கல்பட்டிலிருந்து வருவாள், காதில் ஹெட்போன், பேச்சு கிடையாது. அடுத்து நான். எனக்கு அடுத்த மேஜை நாலாவது அடுக்கு. அதன் சொந்தக்காரன் திருப்போரூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், என்னை அக்கா என்று கூப்பிடுவான், பத்தரைக்கு முன்னால் ஆபீஸ் வந்ததாகச் சரித்திரம் இல்லை. மேல் அடுக்கும் திரையில் தெரிகிற படமும் சாருடையவை. மொத்தமே நாலு பேர்தான்.

கீழே டீக்கடையிலிருந்து போண்டா வரும். நாலாவது அடுக்குக்காரன் பொட்டலத்தை ஜன்னலோரப் பெண்ணுக்கு நேராகக் கொடுக்க மாட்டான். என் மேஜையில் வைத்துவிட்டு, “இன்னாக்கா பாத்துகினு கீற? நேரா குடுத்தா ரூல்ஸ் மீறிட்டேன்னு சார் திட்டுவாரு. நீதான் நடுவுல கீற. வாங்கி அந்தாண்ட தள்ளு,” என்பான். நான் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டுத்தான் தள்ளுவேன். “பாக்கெட் லாஸ்” என்று, வழியில் பொட்டலம் தொலைந்த கணக்கில், தலையில் அடித்துக்கொள்வான். சார் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்ப்பார்.

கேலி செய்தேனே தவிர, எனக்கு அந்த ஏற்பாடு உயிர். என் அடுக்குக்குள் என்ன வர வேண்டும், என்ன வெளியே போக வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது. நடுவில் என்ன செய்கிறேன் என்பது என் பாடு. மற்றவர் குழப்பத்துக்கு நான் உட்கார வேண்டியதில்லை, என் குழப்பத்துக்கு அவர்களும் உட்கார வேண்டியதில்லை. நாலு மணிக்குப் பையைத் தூக்கினால் யாருடைய வேலையும் நிற்காது. கேளம்பாக்கம் ஜங்ஷனில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் மகள் இறங்கும்போது கேட்டில் இருப்பேன். அந்த ஐந்து வருஷத்துக்குப் பிறகு நான் திரும்ப மனுஷியாக உணர்ந்தது அந்தப் பஸ்ஸில்தான். பையில் லேப்டாப், காலில் ஆபீஸ் செருப்பு, கூடவே மகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அப்படி ஒரு சந்தோஷம்.

அடுக்குகளில் இவர் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் பால்கனியில் டீ குடிக்கும்போது கேட்டேன். “முன்ன நான் இருந்த எடத்துல எல்லா புரோகிராமும் எல்லாத்தோடயும் பின்னிக்கிட்டு கெடக்கும்மா,” என்றார். “ஒரு எடத்துல கை வெச்சா பத்துப் பேரும் உக்காரணும். ராத்திரி பகல் கெடையாது. என் பெரிய பொண்ணு மொத அடி எடுத்து வெச்சதை நான் போன்லதான் பார்த்தேன். அப்பவே முடிவு பண்ணேன். நம்ம ஆபீஸ்ல யாரும் யாருக்காவும் உக்காரக் கூடாதுன்னு.”

அதற்குப் பிறகு அந்த விதிகளைக் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

முதல் சோதனை மாமல்லபுரம் குப்பத்தில். ஒரு ஃபைபர் படகில் பெட்டியை வைத்து அனுப்பினோம். படகுக்காரர் அலை தாண்டிப் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். கரையில் மணி அடிக்க வேண்டும். மணலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. குடித்தோம். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தோம். மணி அடிக்கவில்லை. படகு திரும்பி வருவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு சாவகாசமாக அடித்தது.

படகுக்காரர் இறங்கி வேட்டியைப் பிழிந்துகொண்டே, “இன்னா சார் இது? நான் அமுக்கிட்டு, அப்பால ரெண்டு பீடி குடிச்சிட்டு, கரைக்கே வந்துட்டேன். இப்பதான் மணி அடிக்குதா? அதுக்குள்ள நான் முழுகிட்டிருந்தா?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஆபீஸுக்கு வந்து அவரவர் அடுக்கைச் சோதித்தோம். என் அடுக்கில் பிழை இல்லை. “என் லேயரு சுத்தம்க்கா. முருகன் மேல சத்தியம்,” என்றான் நாலாவது. ஜன்னலோரப் பெண் ஹெட்போனைக் கழற்றி, “என்னோடதும் கரெக்ட்தான்,” என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டாள். சார் தன்னுடையதைப் பார்த்தார், அதுவும் சரி. நாலு பேரும் சரி, பெட்டி மட்டும் தப்பு. இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. விதிகளை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

நடுவில் இருப்பதில் ஒரு வசதி, எல்லாம் நம் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, என் அடுக்கைத் தாண்டிப் போகும் பொட்டலங்களின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தது. உள்ளே என்ன என்று பார்க்க வேண்டுமானால் நாலாவது அடுக்கின் உறையைப் பிரிக்க வேண்டும். “ரூல்ஸ் மீறப் போறேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க,” என்று சார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிரித்தேன். அத்தனையும் ஒரே செய்தி. நகலுக்கு மேல் நகல்.

நடந்தது இதுதான். கடல் மேல் காற்றிலும் ஈரத்திலும் ரேடியோ அடிக்கடி தவறும். தவறினால் ரேடியோ அடுக்கு தானாகவே மறுபடி அனுப்பும். அது அதன் கடமை. மேலே நாலாவது அடுக்கோ, பதில் வரவில்லை என்றால் செய்தி தொலைந்தது என்று முடிவு செய்து இன்னொரு பிரதி அனுப்பும். அது அதன் கடமை. கீழே உள்ளவள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறாள் என்று மேலே உள்ளவனுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அதனால் ரேடியோவின் வாசலில் ஒரே செய்தியின் பிரதிகள் வரிசை கட்டி நின்றன. சிவப்புப் பொத்தானின் செய்தி அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வாசலிலும் எடுத்த நகல்கள் அந்தச் சின்னப் பெட்டியின் மெமரியை அடைத்துக்கொண்டிருந்தன. யாரும் தப்புச் செய்யவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்த சந்தோஷம் கேளம்பாக்கம் ஜங்ஷன் வரைக்கும்தான் நீடித்தது. நாலு மணியாகிவிட்டதால் யாரிடமும் விவரம் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் மிச்சம் உறைத்தது. இதைச் சரி செய்ய வேண்டுமானால் அடுக்குகளை இணைக்க வேண்டும். இணைத்தால், மேலே தொட்டது கீழே இடிக்கும். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து உடைத்து, சேர்ந்து ஒட்ட வேண்டும். அப்படிப்பட்ட வேலை மாலையில் சூடு பிடித்து இரவில்தான் முடியும். பழைய கம்பெனியில் எத்தனை பார்த்திருக்கிறேன். அங்கே நாலு மணிக்குப் பையைத் தூக்குகிறவளுக்கு இடம் கிடையாது. என்னை வேலையில் வைத்திருந்ததே அந்தச் சுவர்கள்தான். அவற்றை இடிக்கச் சொல்லப் போகிறவளும் நான்தான். என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்கே ஆத்திரமாக வந்தது.

இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார், “அப்போ அந்த ஆளு பட்டனை அமுக்கினா, மணி அடிக்குமா அடிக்காதா?”

“அடிக்கும். லேட்டா.”

“எவ்ளோ லேட்டா?”

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவரும் மேற்கொண்டு கேட்காமல் மகளுக்கு அப்பளம் நொறுக்கிக் கொடுத்தார். எனக்கு வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

திங்கட்கிழமை காலை சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். “இன்னிக்கு மேல் லேயருக்கு ரேடியோ விஷயம் தெரிஞ்சா, நாளைக்கு ரேடியோவை மாத்தும்போது மேல வரைக்கும் மாத்தணும். ஒருத்தர் செஞ்ச தப்பு எங்க போய் முளைக்கும்னு தெரியாது.” அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது.

“சார், லேயர்ங்கறது நமக்குப் புரியறதுக்காகப் பிரிச்சது. புரிஞ்ச பிறகும் அது நடுவுல சுவரை எழுப்பிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியாம உக்காந்திருக்கோம். படகுல இருக்கறவருக்கு நம்ம படமா வேணும்? மணி அடிக்கணும்.” குரல் உயர்ந்துவிட்டது. ஜன்னலோரப் பெண்கூட ஹெட்போனைக் கழற்றினாள்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, “இதைச் செஞ்சா உங்க நாலு மணி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?” என்றார்.

“யோசிச்சேன் சார். பஸ்ல போகும்போதே யோசிச்சுட்டேன்.”

அதற்குள் அவர் மத்தியானத் தொழுகைக்குப் போகும் நேரமாகிவிட்டது. கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்ததும் பேச்சு எதுவும் இல்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் மேஜையை இழுக்க ஆரம்பித்தார். டைல்ஸ் கடைக்காரர் மேலே ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். நாலு மேஜைகளும் நடு ஹாலில் ஒட்டி நின்றன. “சேர்ந்து செய்ய வேண்டியதெல்லாம் காலைல ஒன்பதுலேர்ந்து மத்தியானத்துக்குள்ள. அதுக்குப் பிறகு அவங்கவங்க வேலை. நாலு மணிக்கு மேல யாரும் எதையும் இணைக்கக் கூடாது. இது ரூல்,” என்றார்.

“சார், ஒன்பது மணியா?” நாலாவது அடுக்குக்காரன் அலறினான். “நான் அந்நேரம் எழுந்து பல்லு கூட வெளக்க மாட்டேன் சார்.”

“வெளக்கிட்டே வா.”

அவன் என்னைப் பார்த்து, “எல்லாம் உன்னாலக்கா,” என்றான். ஆனால் மறுநாள், தலை சீவாமல், ஒன்பதுக்கு வந்துவிட்டான். அவனுக்கும் நான் நன்றி சொல்லவில்லை. அவனுடைய போண்டாவை எடுப்பதை மட்டும் சில நாள் நிறுத்திவைத்தேன்.

தாளில் ஐந்து அடுக்குகள் அப்படியே இருந்தன, சார் அதில் கை வைக்க விடவில்லை. உள்ளே மட்டும் மாற்றினோம். ஒரு பொட்டலத்தை மேலிருந்து கீழ் வரை ஒரே நிரல் கையில் எடுத்துக்கொண்டு போகும். எல்லா உறைகளுக்கும் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பதால் நகல் எடுக்கத் தேவையில்லை. ரேடியோ, ‘இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்று மேலே சொல்லும். மேலே உள்ளது அவசரப்படாமல் காத்திருக்கும். படகு நகர்ந்துவிட்டால், வரிசையில் நிற்கிற பழைய இருப்பிடச் செய்தியை ரேடியோ தூக்கிப் போட்டுவிடும். பொத்தான் செய்தி எல்லோரையும் தாண்டி முன்னால் போகும். இந்தக் கடைசி இரண்டும் சாருக்கு வலித்தன. ரேடியோ கடிதத்தைப் படிப்பதா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் பயந்ததும் நடக்காமல் இல்லை. நான் செய்த ஒரு சின்ன மாற்றம் ஜன்னலோரப் பெண்ணின் பகுதியில் போய் முளைத்து, ஒரு காலை முழுதும் போயிற்று. அப்போது அவர், ‘நான் சொன்னேன் இல்ல’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் சண்டை போட்டிருப்பேன்.

கடைசிச் சோதனைக்கு மீனவர் சங்கத்தார் நாள் குறித்தார்கள். பெட்டி சரியாக இருந்தால் குப்பத்துப் படகுகள் அத்தனைக்கும் வாங்குவதாகப் பேச்சு. எனக்கு வேறு ஒன்றும் இருந்தது: சோதனை முடியும் வரைதான் வேலை என்று சார் சொல்லியிருந்தது. அதற்கப்புறம் எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கும் அதே ரோஷம்தான் காரணம்.

பகல் பதினொன்றுக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துக் கடல் அள்ளிக் கொடுத்திருந்தது. காலையில் போன படகுகள் நிறைய மீனோடு வந்தன. வலையிலிருந்து மீன் எடுக்க வேண்டும், ஏலம் நடக்க வேண்டும், வலையைச் சுத்தம் செய்ய வேண்டும். மீனை நிறுத்திவைத்துவிட்டுப் பெட்டியைப் பாருங்கள் என்று யாரிடம் சொல்வது? படகு கடலில் இறங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. ஜன்னலோரப் பெண்ணை அன்று பெண் பார்க்க வருகிறார்கள் என்று விடுப்பு. படகில் போக வேண்டியவன் நாலாவது அடுக்குக்காரன். கடலுக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் படாதவன். “யக்கா, இதுக்கா நான் இன்ஜினீரிங் படிச்சேன்?” என்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தியபடியே போனான்.

கரைப் பெட்டி ஒருதரம் மக்கர் செய்தது. கழற்றி, ஏரியல் கம்பியை மாற்றி, மறுபடி ஏற்றினேன். அது எழுந்து வரக் காத்திருக்கும்போது போனைப் பார்த்தேன். நாலு மணி ஆகப் போகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூருக்கு இப்போதே கிளம்பினால்தான் உண்டு. நான் எழுந்தால் இதைப் பார்க்க ஆள் இல்லை. எழாவிட்டால் கேட்டில் என் மகள் பையோடு தனியாக நிற்பாள். பக்கத்து வீட்டம்மாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. கணவரின் போன் ஆலைக்கு வெளியே லாக்கரில் இருக்கும். சங்கத்தார் எதிரிலேயே நான் லேப்டாப் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். சார் என்ன நினைத்தாலும் சரி, நாளையிலிருந்து வேலை இல்லை என்றாலும் சரி என்று கை தானாகச் சுற்றியது.

சார் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க இருங்க,” என்றார். கையில் ஹெல்மெட். “வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் போறேன்.”

“சார், சங்கத்துல எல்லாரும் உங்களைப் பார்க்கத்தான்...”

“பெட்டியைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க. அதைப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

வருஷக் கணக்காகச் சொந்தக் காசைப் போட்டுச் செய்த பெட்டி அது. அதன் தலையெழுத்து தெரியப் போகிற நேரத்தில் அந்த மனுஷர் பைக்கை உதைத்துக்கொண்டு திருப்போரூர் ரோட்டில் போய்விட்டார். வேன் ஆயாவுக்கும் எங்கள் வாட்ச்மேனுக்கும் போன் செய்து, இன்ன மாதிரி ஒருவர் வருவார், சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், என்று சொன்னேன். எனக்கு வேறு அடையாளம் சொல்லத் தோன்றவில்லை.

திரையில் படகின் புள்ளி நகர ஆரம்பித்தது. அலை தாண்டியது. வெளியே போயிற்று. புள்ளி தயங்காமல் போய்க்கொண்டே இருந்தது. சங்கத் தலைவர் குனிந்து பார்த்தார். நான் படகுப் பெட்டியின் சின்னத் திரைக்கு, ‘அழுத்தலாம்’ என்று செய்தி அனுப்பினேன். ‘இப்போது அழுத்தியிருப்பார்’ என்று நினைத்து முடிப்பதற்குள், நிஜமாகவே முடிப்பதற்குள், மணி அடித்தது. தலைவர் நம்பாமல், “இன்னொரு தபா அமுக்கச் சொல்லும்மா,” என்றார். சொன்னேன். மறுபடி அடித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். “இது போதும். எல்லா போட்டுக்கும் வெச்சிடலாம்,” என்றார் தலைவர்.

சாருக்கு போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தார். “சார், ரெண்டு தடவையும் உடனே அடிச்சிடுச்சு. எல்லா படகுக்கும் வேணுமாம்,” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். அடுத்த மூச்சிலேயே, “ஒரு நிமிஷம்மா. பாப்பா பத்திரமா வந்தாச்சு, இங்க வாட்ச்மேன் ரூம்ல உக்காந்திருக்கோம். தாகமா இருக்காம். கடையில மோர் வாங்கித் தரட்டுமா? சளி கிளி இருக்கா? வாட்ச்மேனைக் கேட்டா அவருக்குத் தெரியலை,” என்றார். பின்னால் மகளின் குரல், அவரிடம் எதையோ விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தது.

ஐந்து வருஷத்து அழுகை எங்கே இருந்ததோ, அத்தனையும் கண்ணில் வந்து நின்றது. துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க வந்தது. தலைவர் பதறி, “இன்னாம்மா இது? பொட்டிதான் நல்லா வேல செய்துல்ல? இன்னாத்துக்கு அழுவுற?” என்றார். பக்கத்தில் இருந்தவர், “சந்தோஷத்துல அழுவுது, வுடு அண்ணாத்த,” என்றார்.

“மோர் குடுக்கலாம் சார்,” என்றேன் ஒருவழியாக. அதோடு, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சொல்ல வேண்டிய நேரத்தில், “ரொம்ப நன்றி சார்,” என்றும் சொன்னேன். காற்றில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

“சரிம்மா, மெதுவா வாங்க. நாங்க இங்கதான் இருப்போம்,” என்றார். வைக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு, “அப்புறம், நாளைக்கு ஒன்பதுக்கு லேட்டாகாம வந்துடுங்க. நெறைய பெட்டி செய்யணும்,” என்றார்.